ஏரிக் கதவு

சுவர் உள்பக்கம் மட்டும் நனைந்திருந்தது.

மழைக்காலத்தில் சுவரில் ஓதம் ஏறுவது அதிசயமில்லை. லைட்ஹவுஸ் குப்பத்தில் ஐப்பசி மாதம் காய்ந்த சுவரைக் காட்டுகிறவருக்குப் பரிசே கொடுக்கலாம். ஆனால் ஜெபசெல்விக்கு ஓதத்தைப் பற்றி மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே தெரியும், ஏனென்றால் அவள் பிழைப்பே அதுதான். சென்னையில் வீட்டு வேலைகளுக்கு ஆள் அனுப்பும் ஒரு கம்பெனிக்கு, கடலுக்கும் பழவேற்காட்டு ஏரிக்கும் நடுவில் இருக்கிற இந்த வீட்டில் உட்கார்ந்தபடியே, காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு பதில் சொல்கிறவள் அவள். அண்ணாநகரில் குழாய் ஒழுகினாலும், வேளச்சேரியில் கரப்பான் பெருத்தாலும், மடிப்பாக்கத்தில் யாருக்காவது பாத்ரூம் டைல்ஸ் பிடிக்காமல் போனாலும் அவளிடம்தான் புலம்புவார்கள். "மொதல்ல வெளிச்சுவரப் பாருங்க மேடம், ஈரம் வெளியில இருந்துதான் உள்ள வரும்" என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

அன்று அவளே வெளியே போய்ப் பார்த்தாள். கூரை இறவாணத்துக்குக் கீழே சுவர் காய்ந்து கிடந்தது. உள்ளங்கையை வைத்துத் தேய்த்தபோது சிமெண்ட் தூசிதான் ஒட்டியது. உள்ளே வந்து அதே இடத்தைத் தொட்டாள். சில்லென்று இருந்தது. விரலை மூக்கருகே கொண்டுபோனபோது ஏரிச் சேற்றின் வாடை அடித்தது.

அந்த இடத்தில் முன்பு ஒரு கதவு இருந்தது. முன்வாசல் கடலைப் பார்க்கும், பின்னால் இது ஏரியைப் பார்க்கும், வீட்டில் அதை ஏரிக் கதவு என்பார்கள். போன வருஷ மழையில், முகத்துவாரத்துக்குப் பக்கத்தில், அவள் கணவன் ஸ்டீபனின் அண்ணன் சாம்சன் போன படகு கவிழ்ந்தது. படகு கிடைத்தது, வலை கிடைத்தது, சாம்சன் மாமா கிடைக்கவில்லை.

ஆள் கிடைக்காத வீட்டுக்கு இந்தக் குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. பாதிரியாருக்கு அது தெரியும், ஆனால் தெரியாத மாதிரி இருந்துகொள்வார். வருஷப் பூசை முடியும்வரை, பொழுது சாயும்போது ஏரிக் கதவுக்கு உள்ளே ஒரு சொம்பு நல்ல தண்ணீர் வைக்க வேண்டும், விடியும்வரை தாழ் போடக் கூடாது. உப்புத் தண்ணீரில் கிடக்கிறவருக்குத் தாகம் அடங்காதாம். வந்து குடித்துவிட்டு, விடியும் முன் போய்விடுவாராம். மாமாவின் மனைவி சரோஜா ஒரு நாள் தவறாமல் அதைச் செய்தாள். திருப்பாலைவனத்தில் தன் அண்ணன் வீட்டுக்குப் போய் இருக்க முடிவு செய்தபோது, சொம்பை ஜெபசெல்வி கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

ஜெபசெல்வி அனுப்பம்பட்டில் ரயில் சத்தம் கேட்டு வளர்ந்தவள். இதையெல்லாம் அவள் நம்பவில்லை, ஆனாலும் செய்தாள். சாம்சன் மாமாவை அவளுக்குப் பிடிக்கும். ஏரியிலிருந்து வந்ததும் இந்தக் கதவோரம் ஒரு காலை மடக்கிக் குந்துவார், சொம்பை வாங்கி முதல் வாயைக் கொப்பளித்து இடப்பக்கம் திரும்பித் துப்புவார், அப்புறம்தான் அண்ணாந்து மடமடவென்று குடிப்பார். பிறகு புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு வெறும் சொம்பை நீட்டுவார். "இன்னும் கொஞ்சம், ஜெபாம்மா." அந்த வீட்டில் அவளை அப்படிக் கூப்பிட்டவர் அவர் ஒருத்தர்தான். அவள் மகள் கிறிஸ்டினா பெரிப்பா, பெரிப்பா என்று அவர் முதுகிலேயே தொங்குவாள்.

ஒரு விடியற்காலை கட்டிலில் குழந்தை இல்லை. தாழிடாத கதவு திறந்து கிடந்தது. கிறிஸ்டினா ஏரியில் முழங்கால் தண்ணீரில் நின்று, எதையோ எதிர்பார்க்கிறவள்போல நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். நான்கு வயதுப் பிள்ளை. ஜெபசெல்வி அவளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். செத்தவருக்குத் தாகம் என்று உயிரோடு இருக்கிற பிள்ளையைப் பறிகொடுக்க முடியாது. கதவை அடைத்துவிடுவது என்று அப்போதே தீர்மானித்தாள். மங்களூர்ப் பக்கம் விசைப்படகில் இருந்த ஸ்டீபனும் போனில் உன் இஷ்டம் என்றான்.

குப்பத்துக் கொத்தனார் வருஷம் முடியட்டும்மா என்று நழுவினார். அவள் தன் கம்பெனியிலேயே பதிவு செய்தாள். வியாசர்பாடியிலிருந்து பிரவீன் என்ற கொத்தனார் ஒரு ஆளோடு வந்தான். கதவைக் கழற்றி, ஹாலோ பிளாக் கல் வைத்துக் கட்டி, ஓதம் ஏறாத மருந்து கலந்து பூசுவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. மேல் வரிசை மட்டும் பாக்கி இருந்தபோது ஜெபசெல்விக்கு மனசு கேட்கவில்லை. கடைசி நாளாச்சே என்று சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து உள்பக்கம் சுவரோரம் வைத்தாள்.

"யாருக்குக்கா தண்ணி?" என்றான் பிரவீன்.

"எங்க வூட்டுப் பெரியவருக்கு."

அவன் சிரித்துக்கொண்டே கடைசிக் கல்லை வைத்தான். மறுநாள் சொம்பு காலியாக இருந்தது. பூனை குடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

அப்புறம்தான் ஈரம் வந்தது. முதலில் கையகலம். பிறகு அது மேலும் கீழும் இழுத்துக்கொண்டு, அடைத்த கதவின் உயரத்துக்கு, நடுவில் அகலமாகவும் மேலே குறுகலாகவும், யாரோ சுவரில் சாய்ந்து நின்ற அச்சு மாதிரி ஆனது. அவள் அதன்மேல் ஒரு காலண்டரை மாட்டினாள். அதுவும் ஊறித் தொங்கியது.

கூடவே கிறிஸ்டினாவுக்குத் தாகம். டம்ளர் டம்ளராகக் குடித்தாள். கேன் தண்ணீர் வந்த வேகத்தில் தீர்ந்தது. அப்படியும் உதடு வெடித்து, நாக்கு வெளுத்து, கண் உள்ளே போய்க்கொண்டிருந்தது. பழவேற்காட்டில் டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, சர்க்கரை இல்லை, காய்ச்சல் இல்லை, உடம்பில் நீர் வற்றுகிறது, ஓ.ஆர்.எஸ். கொடுங்கள் என்றார். இவ்வளவு குடிக்கிற பிள்ளைக்கு நீர் எப்படி வற்றும் என்று கேட்டதற்கு, மேலே பார்த்துக்கொண்டு, இன்னும் கொடுங்கள் என்றார். வீட்டுக்கு வந்து மகளின் நெற்றியில் முத்தம் கொடுத்தாள் ஜெபசெல்வி. உதட்டில் உப்புக் கரித்தது. கருவாட்டுக்குப் போடுகிற கல்லுப்பு அளவுக்குக் கரித்தது.

பயத்தை வெளியே காட்டாமல் பிரவீனுக்குப் போன் போட்டாள்.

"மருந்து கலந்துதான்கா பூசினோம். வெளிய ஈரம் கீதா?"

"இல்ல. காஞ்சிருக்கு."

"அப்போ தண்ணி உள்ள இருந்துதான் வருது. உள்ள இன்னா கீது?"

நேரில் வந்து பார்க்கச் சொன்னாள். நாளைக்கு வருவதாகச் சொன்னான், இன்றைக்கு ஸ்லாட் இல்லையாம். ஸ்லாட் இல்லை என்று ஊருக்கெல்லாம் சொல்லிப் பழகியவள் அந்த வார்த்தையை முதல் தடவையாகத் தன் காதில் கேட்டாள்.

மறுநாள் காலையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அனுப்பம்பட்டுக்கு, தன் அம்மா வீட்டுக்கே போய்விடுவது என்று பையில் துணியைத் திணித்தாள். அன்று சாயங்காலம் வேலைக்கு உட்கார அவளுக்கு விருப்பமே இல்லை. ஆனால் லீவு போட்டால் வேலை போய்விடும். குழந்தையைப் பின்னால் கட்டிலில் படுக்கவைத்துவிட்டு ஹெட்செட்டை மாட்டினாள். ஒருவருக்கு கீசர், ஒரு அம்மாவுக்குக் கொசுவலை. அடுத்த அழைப்பு வந்தது. படகின் அடியில் தண்ணீர் தட்டுகிற மாதிரி களக், களக் என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது.

"வணக்கம் சார், இன்னா பிரச்சினைன்னு சொல்லுங்க."

"வூட்ல கதவு இல்ல." ஆண் குரல். தொண்டை நிறையச் சேறு இருக்கிறவன் பேசுவதுபோல இருந்தது.

"புதுக் கதவு போடணுமா சார்?"

"இருந்துச்சி. அடச்சிட்டாங்க. நான் உள்ள கீறேன்."

அவள் விரல் கீபோர்டில் அப்படியே நின்றது. அப்போது கட்டிலில் கிறிஸ்டினா இருமினாள். அந்த இருமல் முதுகுக்குப் பின்னால் ஒரு தடவை கேட்டது. அதே இருமல் ஹெட்செட்டுக்குள்ளும் கேட்டது, மிக அருகில், பேசுகிறவர் மடியில் குழந்தையை வைத்திருக்கிற மாதிரி.

ஜெபசெல்வி ஹெட்செட்டைப் பிடுங்கி எறிந்தாள். திரும்பிப் பார்த்தாள். கட்டிலில் குழந்தை மட்டும்தான் இருந்தாள். ஆனால் மெத்தை அவளுக்குப் பக்கத்தில் அமுங்கியிருந்தது. தரையில், சுவரிலிருந்து கட்டில்வரைக்கும், ஈரம்.

சரோஜாவுக்குப் போன் போட்டாள். அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினாள். முடிந்ததும் சரோஜா ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அடைக்கிற அன்னிக்கி தண்ணி வெச்சியா?"

"வெச்சேன்கா. கடைசி நாளாச்சேன்னு."

"வெச்சிட்டு அடச்சியா, அடச்சிட்டு வெச்சியா?"

"வெச்சிட்டுதான்கா அடச்சாங்க."

"தண்ணி வெச்சா அவரு வருவாரு," என்றாள் சரோஜா. அவள் குரல் உடைந்தது. "நீ கூப்ட்டு உள்ள வுட்டுட்டு வழிய மூடிட்ட. எப்டிம்மா வெளிய போவாரு? இப்பவே இடி. தண்ணி வெச்சிட்டு இடி. அவரு போறப்போ மூஞ்சியப் பாக்காத, கண்ண மூடிக்கோ. நான் பஸ்ஸ புடிச்சி வரேன்."

கடப்பாரை படகுச் சாமான்களோடு முன்வாசலில் கிடந்தது. சொம்பை நிரப்பிக் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் வைத்தாள். கிறிஸ்டினா விழித்துக்கொண்டு, அவளைப் பார்க்காமல், சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பயப்படாதடா தங்கம், அம்மா கீறேன்ல" என்று சொல்லிவிட்டு ஓங்கி இடித்தாள்.

பூச்சு ஊறிப்போயிருந்ததால் கொத்துக் கொத்தாக விழுந்தது. பிளாக்குக்குள் இருந்த குழிகளிலிருந்து கறுப்புத் தண்ணீர் கொட்டியது. நண்டுக் குஞ்சுகள் அதில் ஓடின. அவள் அலறாமல் இடித்தாள். பிள்ளை பிழைக்க வேண்டும், அது ஒன்றுதான் மனசில் இருந்தது. தோள் எரிந்தது. ஒரு கல் வெளியே சாய்ந்தது. இன்னொன்று. ஏரிக்காற்று உள்ளே புகுந்தது. ஆள் குனிந்து போகிற அளவுக்கு வழி ஆனதும், கடப்பாரையைப் போட்டுவிட்டு, சுவரில் நெற்றியை வைத்துக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"போயிடுங்க மாமா. என் புள்ளய வுட்டுட்டுப் போயிடுங்க."

கட்டில் கிறீச்சிட்டது.

பிறகு நடை. ஈரக் கால். தப். தப். மெதுவாக.

அவள் முழங்காலுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. புடவையை ஏதோ இழுத்தது. ஒரு தடவை. பிறகு விட்டுவிட்டது.

தப். தப். மணல்.

அப்புறம் காற்று மட்டும்.

வெகுநேரம் கழித்துத்தான் கண்ணைத் திறந்தாள். சுவர் வெளுத்திருந்தது. தொட்டாள். காய்ந்திருந்தது. சேற்று வாடை இல்லை. அவளுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது, மாதாவே மாதாவே என்று சொல்லிச் சொல்லி அழுதாள். கலங்கரை விளக்கம் எரியத் தொடங்கியிருந்தது. அவள் செல்போன் டார்ச்சை அடித்து, போனவர் உண்மையிலேயே போய்விட்டாரா என்று தரையைப் பார்த்தாள்.

தடம் இருந்தது. கட்டிலடியில் தொடங்கி, அவள் நின்ற இடத்தில் கொஞ்சம் தயங்கி, இடித்த வழியாக வெளியே இறங்கி, நனைந்த மணலில் நேராக ஏரிக்குள் போயிருந்தது.

குனிந்தாள். ஒரு தடத்தின் மேல் தன் கையை வைத்தாள்.

கை அதை மூடிவிட்டது.

அடுத்ததும் அப்படித்தான். எல்லாமே. குட்டிக் குட்டி விரல்கள். பெரிய கால் ஒன்றுகூட இல்லை.

பின்னால் யாரோ வாய் கொப்பளிக்கும் சத்தம் கேட்டது.

திரும்பினாள். கிறிஸ்டினா தரையில் இறங்கி, ஒரு காலை மடக்கிக் குந்தியிருந்தாள். இடப்பக்கம் திரும்பித் துப்பினாள். சொம்பை உயரத் தூக்கி, அண்ணாந்து, மடமடவென்று குடித்தாள். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

வெறும் சொம்பை நீட்டினாள்.

"இன்னும் கொஞ்சம், ஜெபாம்மா."