பொரிக்கு வராத மீன்

அந்த மீனைப் பார்த்து முதலில் ஏமாந்தது பூனைதான்.

சன்னலோரம் காய வைத்திருந்த மீனை அது முகர்ந்து பார்த்தது. நக்கிப் பார்த்தது. கடைசியில் நறுக்கென்று கடித்தே விட்டது. "சே, மரக்கட்டை!" என்று சொல்லத் தெரியாததால் தலையை உதறிக்கொண்டு, கரோலினை ஒரு முறை முறைத்துவிட்டுப் போனது.

"அண்ணே! பூனை என் மீனக் கடிச்சிட்டு!" என்று கத்தினாள் கரோலின். அந்தக் கத்தலில் வருத்தத்தைவிடப் பெருமைதான் அதிகம்.

அண்ணன் ஜெபஸ்டின் ஓடி வந்து மீனைத் தூக்கிப் பார்த்தான். பல் பட்ட அடையாளம்கூட இல்லை.

"நல்லவேள, இன்னும் தூண்டி முள்ளு மாட்டல. பூனையையே ஏமாத்திட்டியேட்டி! இனி விரால் மீன ஏமாத்துறது எம்மாத்திரம்?" என்றான்.

ஜெபஸ்டின் பாலிடெக்னிக்கில் படிக்கிறான். தூண்டில் என்றால் அவனுக்கு உயிர். மண்புழுவுக்குப் பதிலாகத் தூண்டிலில் மாட்டும் பொய் மீன்களை அவனே செய்வான். கல்யாண முருங்கைக் கட்டையைச் சீவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தண்ணீருக்குள் அமிழ்ந்து நிற்க வயிற்றில் ஒரு துண்டு ஈயம் வைப்பான். அதுவரைக்கும் எல்லாம் அழகாகத்தான் இருக்கும். அதற்குப் பிறகு அவனே வண்ணமும் அடிப்பான். அங்கேதான் வினை.

போன தடவை அவன் அடித்த மீனுக்கு நீல உடம்பு, மஞ்சள் கோடு. விரால் எதுவும் அதன் பக்கம்கூட வரவில்லை.

"பாபநாசம் போற பஸ் மாதிரி இருக்கு. இதப் பாத்தா மீனு கையக் காட்டி நிறுத்தும், வாயத் தொறக்காது" என்று கரோலின் கேலி செய்தாள்.

"அப்ப நீயே அடி, பாப்போம்!"

ஆறாம் வகுப்புப் படிக்கும் கரோலின் உடனே தூரிகையைத் தொடவில்லை. முதலில் பொரிப் பொட்டலத்தோடு ஆற்றுப் படித்துறைக்குப் போனாள். தினமும் சாயங்காலம் அங்கே உட்கார்ந்து, பொரியைத் தூவிக் கெண்டைக் குஞ்சுகளைக் கூப்பிட்டு, ஆசை தீரப் பார்த்தாள். முதுகு ஈரப் பாசியின் நிறம். வயிறு வெள்ளி. வால் பக்கம் மை வைத்தது போல ஒரு கரும்புள்ளி.

செதில்தான் அவளைப் படாதபாடு படுத்தியது. ஒவ்வொன்றாக வரைந்தால் மீன் சட்டை போட்ட மாதிரி இருந்தது. கடைசியில் அடுக்களையில் வெங்காயம் வந்த வலைப்பை கண்ணில் பட்டது. அதை வெட்டி மீன்மேல் இறுக்கிச் சுற்றி, வெள்ளி வண்ணத்தைப் பஞ்சால் ஒற்றி எடுத்தாள். வலையைப் பிரித்ததும் வரிசை வரிசையாகச் செதில்கள்! தீக்குச்சியின் பின்முனையால் கண் வைத்தாள். அத்தை மகள் கல்யாணத்துக்கு அம்மா வாங்கிய நிறமில்லாத நகச்சாயத்தை மேலே பூசினாள். மீன் இப்போதுதான் தண்ணீரிலிருந்து எடுத்தது போல மின்னியது.

பூனை ஏமாந்த சனிக்கிழமை சாயங்காலமே கரோலினுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"அண்ணே, தண்ணிக்குள்ள என் மீன் எப்படி இருக்குன்னு பாக்கணும். ஒரே ஒரு தடவ!"

"நாளைக்குக் கோயில் விட்டு வந்ததும், பாலத்துக்கு அங்கன போவோம்."

"அங்கன தண்ணி கலங்கல். படித்துறையிலதான் தெளிவா இருக்கு."

ஜெபஸ்டின் தயங்கினான். அம்பாசமுத்திரத்தில் அவர்கள் தெருக்காரர்கள் எல்லோரும் அந்தப் படித்துறையில்தான் குளிப்பார்கள். அங்கே யாரும் தூண்டில் போடுவதில்லை. பலகை எதுவும் எழுதி வைக்கவில்லை. ஆனாலும் எல்லோருக்கும் தெரியும்.

"அப்ப முள்ளக் கழட்டிட்டுப் போடு" என்றாள் கரோலின்.

"முள்ளு இல்லன்னா எடை கொறஞ்சு சாஞ்சு நீந்தும். பரவால்ல, இப்ப யாரும் இல்ல. ஒரே இழுப்பு, எடுத்திருவோம்."

பொய் மீனின் வயிற்றில் ஒன்று, வாலில் ஒன்று என இரண்டு தூண்டில் முள்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று கூரிய முனைகள். படியில் நின்று ஜெபஸ்டின் அதை வீசினான். மீன் தண்ணீருக்குள் இறங்கி, வாலை ஆட்டி ஆட்டி வந்தது. அடடா, அசல் கெண்டை! கரோலின் கைதட்டப் போனாள்.

அதற்குள் நரம்பு கல்லிடுக்கில் சிக்கியது. ஜெபஸ்டின் வெடுக்கென்று இழுத்தான். மீனைக் கட்டியிருந்த தங்கூசி நரம்பு அறுந்து, கையில் வெறும் கம்புதான் மிஞ்சியது.

"சரி, இறங்கி எடுத்துருதேன்" என்று குனிந்தவன் அப்படியே நின்றான்.

படிக்குக் கீழே, நிழலில், ஒரு கூட்டம் கெண்டைகள். எல்லாவற்றுக்கும் பாசி நிற முதுகு. எல்லாவற்றுக்கும் வெள்ளி வயிறு. எல்லாம் நீரோட்டத்தை எதிர்த்துத் தலையை வைத்து வாலை ஆட்டிக்கொண்டிருந்தன. அறுந்த நரம்பு கல்லில் மாட்டியிருந்ததால், பொய் மீனும் அவற்றோடு அதே மாதிரி நின்று வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

அதில் எது கரோலினின் மீன்?

"இதுவா?" என்று ஜெபஸ்டின் விரலை நீட்டினான். 'இது' சட்டென்று ஓடிப்போனது.

"அதா?" அதுவும் ஓடிப்போனது. வேறு நான்கு அந்த இடத்துக்கு வந்தன.

கரோலின் தெருப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் கிரிக்கெட் முடிந்து தெருப் பிள்ளைகள் எல்லாம் தடதடவென்று ஓடி வந்து குதிக்கும். அதில் யார் காலில் அந்த முள் ஏறும்?

"ஏட்டி, யாருட்டயும் சொல்லாத. தெரிஞ்சா தூண்டிலத் தொடவே விடமாட்டாவ. நான் பைய இறங்கித் தேடுதேன்" என்றான் ஜெபஸ்டின்.

"காலாலயா தேடப் போற?"

ஜெபஸ்டின் தன் பாதங்களைக் குனிந்து பார்த்தான். அவை திடீரென்று அவனுக்கு ரொம்பப் பிடித்துப்போயின. இறங்கவில்லை.

அவன் ஒரு கம்பை எடுத்துத் தண்ணீரைத் துழாவினான். மீன்கள் சிதறின. நல்லது. ஆனால் அடியிலிருந்து சேறும் எழும்பி, தண்ணீர் காப்பி நிறமானது. எதுவுமே தெரியவில்லை. சேறு அடங்கியபோது கெண்டைகள் எல்லாம் சமர்த்தாகத் திரும்பி வந்து பழைய இடத்தில் நின்றன.

அதே நேரத்தில் மேலே சத்தம் கேட்டது.

முன்னால் ஓடி வந்தவன் கரோலினின் வகுப்பில் படிக்கும் பூதத்தான். படித்துறையில் முதல் குதி அவனுடையது என்று அவனாகவே சட்டம் போட்டு வைத்திருந்தான். பின்னாலேயே தம்பிப் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு அவன் அம்மா முத்துராணி வந்தாள். இன்னொரு பக்கம், இவர்கள் சேற்றைக் கலக்கிக்கொண்டிருந்தபோதே எப்போதோ வந்து முங்கி எழுந்திருந்த அதே தெருச் சுந்தர்ராமன் சார், மேல்படியில் உட்கார்ந்து உச்சி முதல் உள்ளங்கால் வரை சோப்புப் போட்டுக்கொண்டிருந்தார். இப்போது கண்ணை இறுக மூடிக்கொண்டு, தடவித் தடவி அவரும் கீழே இறங்கினார்.

கரோலின் அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் கண்ணாலேயே கெஞ்சினான்.

அவள் திரும்பி, கைகள் இரண்டையும் அகல விரித்து நின்றாள்.

"யாரும் இறங்காதீங்க! தண்ணிக்குள்ள ஒரு பொய் மீனு தூண்டி முள்ளோட கெடக்கு! நாங்கதான் போட்டோம்!"

பூதத்தான் ஒற்றைக் காலில் நின்றுவிட்டான். சுந்தர்ராமன் சார் தூக்கிய காலைத் தூக்கியபடியே நின்றார்.

"படித்துறையில ஏன்டே தூண்டில் போட்டீக?" என்று முத்துராணி கோபத்தோடு கேட்டாள். "எம்பிள்ள கால்ல ஏறுனா என்னத்துக்கு ஆகும்?"

"தப்புதான் அத்தை. நான்தான் பாக்கணும்னு கேட்டேன்" என்றாள் கரோலின்.

"நான்தான் போட்டேன்" என்று ஜெபஸ்டினும் மெதுவாகச் சொன்னான்.

"சரி, யாரு போட்டா என்ன? வெரசலா எடுங்க. சோப்பு காயுது!" என்றார் சுந்தர்ராமன் சார்.

"சார், அந்தப் பக்கமாப் போய்..." என்று பூதத்தான் ஆரம்பித்தான்.

"மீனு எந்தப் பக்கம் கெடக்குன்னு தெரியுமாடே? தெரியாதுல்லா? பெறவு என்ன, நிக்குதேன்" என்றார் சார்.

எல்லோரும் குனிந்து தேட ஆரம்பித்தார்கள். "அந்தா!" என்றாள் முத்துராணி. அந்தா ஓடிப்போனது. "இந்தா!" என்றான் பூதத்தான். இந்தாவும் ஓடிப்போனது.

கரோலினுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. இவ்வளவு நன்றாக அடித்திருக்க வேண்டாம். வாலையாவது கொஞ்சம் மோசமாக அடித்திருக்கலாம். நிஜ மீன் மாதிரியே முதுகு, நிஜ மீன் மாதிரியே செதில், நிஜ மீன் மாதிரியே...

அவள் சட்டென்று நிமிர்ந்தாள். பார்ப்பதற்குத்தானே நிஜ மீன் மாதிரி?

"பூதத்தான், ஒன் சட்டப் பையில என்ன?"

"பொரிகடல" என்றான் அவன், பையைக் கையால் மூடிக்கொண்டு.

"தா."

"கொஞ்சமா?"

"முழுசும்."

பூதத்தான் யோசித்தான். ஒரு பிடியை அவசரமாக வாயில் போட்டுக்கொண்டு மீதியைக் கொடுத்தான்.

"எல்லாரும் ஆடாம நில்லுங்க. நெழலு தண்ணியில விழக் கூடாது" என்றாள் கரோலின்.

பொரியை மட்டும் பொறுக்கி எடுத்து, படியின் கடைசி ஓரமாகப் பார்த்துத் தூவினாள். வெள்ளையாக அது தண்ணீரில் மிதந்தது. முதலில் ஒரு கெண்டை திரும்பியது. பிறகு இரண்டு. பிறகு கூட்டம் முழுவதும், கல்யாணப் பந்திக்குக் கிளம்பியது போல, ஒன்றை ஒன்று முட்டித் தள்ளிக்கொண்டு ஓடியது. தண்ணீர் அங்கே கொதிப்பது போலத் துள்ளியது.

நிழல் காலியானது. அங்கே, கல்லுக்குப் பக்கத்தில், ஒரே ஒரு கெண்டை மட்டும் வாலை ஆட்டிக்கொண்டு தனியாக நின்றது.

"அதுக்குப் பசிக்கலயோ என்னவோ" என்று ஜெபஸ்டின் கிசுகிசுத்தான்.

"பொரிய வேண்டாங்கிற கெண்ட இந்த ஆத்துலயே கெடையாதுண்ணே. அதான் என் மீன்!"

ஜெபஸ்டின் படியில் குப்புறப் படுத்தான். கம்பின் நுனியைப் பைய விட்டு, கல்லில் மாட்டியிருந்த நரம்பை நெம்பித் தூக்கினான். மீன் மேலே வந்தது. அதன் கண் எப்போதும் போலத் திறந்தே இருந்தது. வயிற்று முள்ளும் வால் முள்ளும் பத்திரமாக இருக்கின்றனவா என்று கரோலின் பார்த்தாள். இருந்தன. ஒரு முனைகூட ஒடியவில்லை.

அப்போதுதான் அவளுக்கு மூச்சே ஒழுங்காக வந்தது. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"எடுத்தாச்சா?" என்று கேட்டார் சுந்தர்ராமன் சார், கண்ணைத் திறக்காமலே.

"எடுத்தாச்சு சார்!"

தொப்பென்று அவர் விழுந்த வேகத்தில் எல்லோரும் நனைந்தார்கள்.

முத்துராணி பொய் மீனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கோபமாகத்தான் பார்க்க ஆரம்பித்தாள். முடிக்கும்போது கோபம் எங்கோ போயிருந்தது.

"இது எங்க வீட்டுக் கொழம்புல கெடந்தா நானே தின்னுருப்பேன், போ" என்று சொல்லிக் கரோலினின் கன்னத்தைக் கிள்ளினாள். "இனிமே பாலத்துக்கு அங்கன வச்சுக்கோங்க ஒங்க தூண்டில. என்னடே ஜெபஸ்டின்?"

"சரி அத்தை" என்றான் ஜெபஸ்டின். தூண்டிலே போச்சு என்று பயந்திருந்தவனுக்கு, பாலம் வரைக்கும் நடப்பது ஒரு கஷ்டமாகவே தெரியவில்லை.

"வால்ல செவப்பு நகச்சாயம் பூசிருதேன்" என்றாள் கரோலின். "தொலைஞ்சாலும் நம்ம கண்ணுக்குத் தெரியும்."

"விராலுக்குச் சந்தேகம் வந்துட்டா?"

"வரட்டுமே. இதுவரைக்கும் மட்டும் நீ எத்தன பிடிச்சிட்ட?"

ஜெபஸ்டின் முத்துராணியிடமிருந்து மீனை வாங்கிக்கொண்டான்.

பூதத்தான் தன் சட்டப்படி ஓடி வந்து குதித்தான். மறு நொடியே, "ஆ! கால்ல! கால்ல!" என்று அலறினான்.

எல்லோரும் உறைந்து போனார்கள். கரோலின் அண்ணனின் கையைப் பார்த்தாள். மீன் அங்கேதான் இருந்தது, இரண்டு முள்ளோடும்.

கிரிக்கெட் ஆடிக் கீழே விழுந்த காயம் பூதத்தானின் குதிகாலில் இருந்தது. பொரி தின்று முடித்த கெண்டைகள் இப்போது அதைக் கொத்திக்கொண்டிருந்தன.

கரோலின் வாய்விட்டுச் சிரித்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுத் தன் கால்களையும் தண்ணீருக்குள் விட்டாள். கொஞ்ச நேரத்தில் சுண்டுவிரலில் குறுகுறுவென்று ஒரு கடி.

நிஜ மீன்தான்.