பாதிப் படகு

"யாரைக் கேட்டு என் படகைச் சுரண்டுறீங்க?"

குரல் பின்னாலிருந்து வந்தது. அவள் திரும்பவில்லை. கையில் சுரண்டி, முகத்தில் கட்டிய துணி, தலையெல்லாம் வெள்ளைத் தூள்.

"இது உங்க படகு இல்லைங்க. மீன்காரரோடது. நேத்து வண்டியில வந்த உங்களோடது அந்தப் பக்கம்."

"மீன்காரர் படகுக்குப் பின்னாடி ஒட்டுப் போட்டிருக்குமா?"

"இருக்காது."

"இதுல இருக்கு."

எட்டிப் பார்த்தாள். இருந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அப்பாவின் படகுப் பட்டறையில் எல்லாப் படகும் கவிழ்ந்தே கிடக்கும். கவிழ்ந்த படகுகளுக்குள் வித்தியாசம் தெரியாது. அடிக்கட்டையில் சாக்பீஸால் எழுதி வைப்பதுதான் அடையாளம். நேற்று மாலை பெய்த கோடை மழை அத்தனையையும் கழுவிவிட்டது. அவள் குத்துமதிப்பாக ஒன்றைப் பிடித்துச் சுரண்ட ஆரம்பித்துவிட்டாள். பட்டறைக்காரர் மகள் செய்கிற வேலையா இது?

துணியை இறக்கிவிட்டுத் திரும்பினாள்... அப்போதுதான் அந்தக் கண்களைப் பார்த்தாள்.

மழை விட்ட பிறகும் இலை நுனியில் ஒரு துளி நிற்குமே... விழவும் விழாது, காயவும் காயாது. அப்படி இருந்தன. கோபமாகப் பேசிய ஆளின் கண்ணில் கோபமே இல்லை. ரொம்ப நாளாக எதுவுமே இல்லை போலிருந்தது.

"மன்னிச்சுக்கங்க. பாதி சுரண்டிட்டேன்... மீதியையும் சுரண்டி, புதுசா அடிச்சுத் தந்துடறேன். காசு வேண்டாம்."

"வேண்டாங்க. அதை வித்துட்டேன். ஓட்டல்காரர் ஒருத்தர் வாங்கியிருக்கார். வாசல்ல வச்சு, மண்ணைக் கொட்டிப் பூச்செடி நடப் போறாராம்."

"படகுல மண்ணைக் கொட்டுவாங்களா? நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"

"பல் டாக்டர்."

"யாராவது நல்ல பல்லைப் பிடுங்கி அதுல செடி நட்டா சும்மா இருப்பீங்களா?"

அவன் உதடு லேசாக அசைந்தது. சிரிப்பு வர வழி மறந்து பாதியில் நின்றுவிட்டது. "நீங்களும் சுரண்டுற ஆளு, நானும் சுரண்டுற ஆளு. எங்கிட்ட யாரும் வாய் மாறி வந்து உக்கார்றதில்ல. அதான் வித்தியாசம்."

அவளுக்குக் காது வரை சிவந்தது. ஊரே அவளைச் 'சுரண்டி' என்றுதான் கூப்பிடும் என்பதை அவள் சொல்லவில்லை. அன்று மாலைக்குள் ஊரே சொல்லிவிட்டது.

தங்க இடம் தேடியவனுக்குக் கிடைத்தது அவர்கள் வீட்டு மாடி அறைதான். கோடையில் வரும் விருந்தாளிகளுக்கு அம்மா அதை வாடகைக்கு விடுவாள். விருந்தாளிகள் விட்டுப்போகும் நாவல்களையெல்லாம் மகள் படித்துத் தீர்த்துவிடுவாள். எல்லாவற்றிலும் ஒரு கடலோர ஊர், ஒரு கோடை, ஒரு குடும்ப ரகசியம்.

"வெளியூர்லேர்ந்து ஒருத்தன் எதையாவது விக்க வருவான்," என்று மறுநாள் பட்டறையில் சொன்னாள். "நாலாவது அத்தியாயத்துல விக்க வேண்டாம்னு முடிவு பண்ணுவான்."

"இப்ப எத்தனையாவது அத்தியாயம்?" மீதியையும் சுரண்டித்தான் தருவேன் என்று அவள் பிடிவாதமாக நின்றதால், அவனும் ஒரு சுரண்டியை எடுத்துக்கொண்டிருந்தான்.

"ரெண்டு. நீங்க வந்தப்புறம் இன்னும் மழை வரல."

சொல்லி வாய் மூடவில்லை... வந்தது. கொட்டகைத் தகரத்தில் படபடவென்று. இருவரும் ஒரே படகின் இரு பக்கம் குனிந்திருந்தார்கள். நிமிர்ந்தபோது நடுவில் வெறும் அடிக்கட்டை. அவன் இமையில் வெள்ளைத் தூள். துடைத்துவிடக் கை போனது... சட்டென்று இழுத்துக்கொண்டாள். அவன் பார்த்துவிட்டான். பார்க்காத மாதிரி இருந்தான். அது இன்னும் மோசம்.

வெள்ளைக்கு அடியில் பச்சை. பச்சைக்கு அடியில் சிவப்பு. அவன் அம்மா ஏரிக்கரை ஊரில் இந்தப் படகை வைத்திருந்தாராம். போன வருஷம் இறந்துபோனார். படகை மட்டும் இந்த ஊர்க் கடலுக்கே கொண்டுபோய் விடச் சொன்னாராம். ஏன் என்று சொல்லவில்லை. இங்கே வரை கொண்டுவந்தவன், அதை என்ன செய்வதென்று தெரியாமல் விற்றுவிட்டான்.

"பெயிண்டர்கிட்ட ஒவ்வொரு தடவையும் சண்டை போடுவாங்க. மேலேயே அடி, சுரண்டாதேன்னு. ஏன்மான்னு கேட்டா, அடியில ஒருத்தி தூங்குறா, எழுப்பாதேன்னு சொல்வாங்க."

அவள் கை நின்றது. முனைக்குப் பக்கத்தில் ஓர் இடம் மட்டும் வழுக்கியது. ஒவ்வொரு வண்ணத்துக்கு முன்னாலும் அந்த இடத்தில் மட்டும் யாரோ வார்னிஷ் தடவியிருக்கிறார்கள். மறைக்க வேண்டும், அழியவும் கூடாது என்றால்தான் அப்படிச் செய்வார்கள். சுரண்டியை வைத்துவிட்டு உப்புத்தாளால் மெல்லத் தேய்த்தாள். மஞ்சள் தெரிந்தது. மஞ்சளில் நீல எழுத்து.

குட்டிப்புயல்.

அவள் அதை இரண்டு தரம் படித்தாள். உலகத்தில் ஒரே ஒருத்திக்குத்தான் அந்தப் பட்டப்பெயர். அப்பா கிண்டலாகக் கூப்பிடுவார், அம்மா கரண்டியோடு வருவாள்.

மதியம் சாப்பாட்டு மேசையில் அவளே போட்டு உடைத்தாள். "அம்மா, இவர் படகுல உன் பட்டப்பெயர் இருக்கு!"

அதுவரை "தம்பிக்கு இன்னும் கொஞ்சம்" என்று பரிமாறிக்கொண்டிருந்த அம்மா அப்படியே நின்றாள். அவனை உற்றுப் பார்த்தாள்.

"உங்கம்மா இடது கைக்காரியா?"

"ஆமாங்க. உங்களுக்கு எப்படி..."

"ரூமைக் காலி பண்ணிடுங்க தம்பி."

அவ்வளவுதான். அடுக்களைக் கதவு சாத்திக்கொண்டது. வாய் ஓயாத அம்மா அன்று முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை.

கதையை மறுநாள் அப்பாதான் சொன்னார், பட்டறையில், குரலைத் தாழ்த்தி. இரண்டு தோழிகள் சேர்ந்து வாங்கிய படகு அது. கோடை முடிவில் நடக்கும் படகுப் போட்டிக்காக வாங்கியது. போட்டியன்று காலையில் படகைக் காணோம், தோழியையும் காணோம். ஏரிக்கரை ஊர் வாத்தியாரோடு விடியுமுன்னே அந்தப் படகிலேயே போய்விட்டிருந்தாள். ஊர் முழுக்கக் கரையில் நிற்க, அம்மா இரண்டு துடுப்போடு தனியாக நின்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவள் தண்ணீரில் கால் வைக்கவில்லை.

"அம்மாகிட்டகூடச் சொல்லலையா?"

"உங்கம்மாகிட்ட சொல்றதும் ஒலிபெருக்கியில சொல்றதும் ஒண்ணுதானேம்மா!"

வீட்டுக்கு வந்தாள். அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.

"படகைக் கொண்டுபோனதுல எனக்குக் கோபம் இல்லடி. நான் வாயை மூடிக்கிட்டு இருப்பேன்னு அவ நம்பல பாரு... அதான் இன்னும் ஆறல." பிறகு திரும்பாமலே, "அவ பிள்ளையோட நீ கண்ணால பேசிக்கிட்டிருக்கிறது எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுக்காதே. நடக்காது."

அவன் கடைத்தெரு விடுதிக்குப் போய்விட்டான். பட்டறைப் பக்கமே வரவில்லை. இந்த வருஷப் போட்டியன்று காலையில்தான் வந்தான். பின்னாலேயே வண்டியோடு ஓட்டல்காரர்.

"அப்படியே போயிடலாம்னு இருந்தீங்களா?" என்றாள் அவள்.

"உங்கம்மா மனசு நோகுற இடத்துல நான் எப்படி..."

"என் மனசு?"

படகின் எழுத்தைத் தடவினான். "அம்மா போன அன்னிக்குக்கூட நான் அழல. இதைப் பாத்தப்பதான் அழுகை வந்துச்சு. அதுக்கு உங்களுக்கு நன்றி சொல்லணும்னு வந்தேன்."

நன்றியாம்! யாருக்கு வேண்டும் இவன் நன்றி? அவளுக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு ஓடினாள்.

"அம்மா! அந்தப் படகுல பாதி யாரோடது?"

"என்னோடது. ஏன்?"

"உன் பாதியில மண்ணைக் கொட்டப் போறாங்க. வண்டி வந்து நிக்குது."

அம்மா எழுந்தாள். தலைமுடியை அள்ளி முடிந்தாள். செருப்பைக்கூட மாட்டவில்லை. தெருவில் அவள் நடந்த வேகத்துக்கு மகள் ஓட வேண்டியிருந்தது.

பட்டறையில் அந்த நீல எழுத்துக்கு முன்னால்தான் நின்றாள்.

"தொட்டுப் பாரும்மா," என்றாள் மகள். "ஒவ்வொரு தடவை பெயிண்ட் அடிக்கும்போதும் முதல்ல இந்த இடத்துல வார்னிஷ். அப்புறந்தான் மேல வண்ணம். நடுவுல சுரண்டவே விடல. இத்தனை வருஷமா உன் பேரைப் பொத்திப் பொத்தி வச்சிருந்திருக்காங்க."

"அடியில ஒருத்தி தூங்குறா, எழுப்பாதேன்னு சொல்வாங்க," என்றான் அவன், மெதுவாக.

அம்மாவின் விரல் எழுத்தின் மேல் போனது. வளைவு வளைவாக, முழுப் பெயரும். முகம் கோணியது. அழப் போகிறாள் என்று நினைத்தார்கள். அம்மா மூக்கை உறிஞ்சினாள், ஓட்டல்காரரைத் திரும்பிப் பார்த்தாள்.

"தூங்கினது போதும். ஐயா, நீங்க குடுத்த காசைத் திருப்பி வாங்கிக்கிட்டு, செடிக்கு வேற தொட்டி பாத்துக்குங்க. தம்பி, துடுப்புப் போடத் தெரியுமா?"

"அம்மா சொல்லிக் குடுத்திருக்காங்க."

"அப்ப என்ன நிக்கிறீங்க? தூக்குங்க!"

பாதி சுரண்டிய படகு. பச்சை, சிவப்பு, மஞ்சள் எல்லாம் திட்டுத்திட்டாக. போட்டி வரிசையில் அதைக் கண்டு கரையில் சிரிப்பு எழுந்தது. துப்பாக்கி வெடித்ததும் அம்மாவின் குரலும் வெடித்தது. "இழு! விடு! இழு! அந்தாண்ட படகுக்காரங்களைப் பாக்காதீங்க தம்பி, என்னைப் பாருங்க! இழு!" ஊரே காதைப் பொத்தும் அந்த வாய் இன்று தாளம் போட்டது. பக்கத்துப் படகுக்காரர்கள் அவள் தாளத்துக்கு இழுத்துத் தங்கள் தாளத்தைத் தவறவிட்டார்கள். மிதவையைச் சுற்றித் திரும்பும்போது குட்டிப்புயல் மூன்றாவது. பாறையைத் தாண்டும்போது இரண்டாவது. மகள் முட்டளவு தண்ணீரில் நின்று என்னென்னவோ கத்தினாள். கடைசி அலை படகைத் தூக்கியது...

முதல்!

சிரித்த கரை குதித்தது. அப்பா தொப்பியைக் கடலில் வீசிவிட்டு அதைத் தேடினார். அம்மா படகில் எழுந்து நின்று இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கினாள். "பாத்தியாடி!" என்றாள், அங்கே இல்லாத ஒருத்தியிடம்.

அவன் நனைந்து, மூச்சு வாங்க, தண்ணீரில் இறங்கி இவளிடம் வந்தான். சிரித்துக்கொண்டிருந்தான். முழுச் சிரிப்பு. அந்தக் கண்களில் நின்றிருந்த துளி விழுந்துவிட்டிருந்தது.

"எப்ப கிளம்புறீங்க?" என்று கேட்டாள்.

"நாளைக்கு. போய் என் நாற்காலியையும் கருவிகளையும் ஏத்திக்கிட்டு வரணும். ஊர்ல பல் டாக்டரே இல்லைன்னு உங்கம்மா படகுல சொன்னாங்க."

"அதுக்குத்தான் வர்றீங்களா?"

"இல்ல." ஈரச் சட்டைக் கையைப் பிழிந்தான். "அம்மா போனதுக்கப்புறம் காலையில எழுந்துக்க ஒரு காரணம் தேடிக்கிட்டே இருந்தேன். இங்க வந்ததுலேர்ந்து தேடல. பட்டறை திறந்துட்டாங்களா, நீங்க வந்துட்டீங்களான்னுதான் மனசு ஓடுது. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. எப்படிச் சொல்றதுன்னு தெரியல... இப்படித்தான் வருது."

அலை வந்து இருவர் காலுக்கும் அடியில் மணலை இழுத்தது. அவள் அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். விடவில்லை.

"எனக்கும்..." என்றாள், அவளுக்கே கேட்காத குரலில்.

படகிலிருந்து அம்மா கத்தினாள். "என்னடி சொல்ற? காத்துல ஒண்ணும் கேக்கல!"

அவள் அம்மாவைப் பார்த்தாள். கரையில் நின்ற அத்தனை பேரையும் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். இழுத்து ஒரு மூச்சு.

"இவரை எனக்குப் பிடிச்சிருக்கும்மா! ரொம்ப!"

கடைத்தெரு வரைக்கும் கேட்டது.