கல் அடுக்கத் தெரியாதவன்

ராசப்பன் தரையில் மல்லாந்து கிடந்தார்.

பின்மண்டையைச் சுற்றி ரத்தம்... பாதி உறைந்து!

பக்கத்தில் கவிழ்ந்த ஸ்டூல். எதிரே ஆறடி நீளக் கண்ணாடித் தொட்டி. உள்ளே உப்புத் தண்ணீர், துளை துளையாய்க் கடல்கற்கள், எதுவுமே நடக்காதது போல் நீந்தும் மஞ்சள் மீன்கள்.

தம்பி சந்தோஷ்குமார் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான்.

விரலிடுக்கு வழியே இன்ஸ்பெக்டர் அர்த்தனாரியை அளந்தான்.

தொப்பை. சாயம் போன காக்கி. பிணம் கிடக்கும் வீட்டில் மேஜை மேலிருந்த மலைவாழைப்பழத்தை உரித்துக்கொண்டிருந்தார்!

'இவனா என்னைப் பிடிப்பான்? த்தூ!'

"எப்படிங்க ஆச்சு?"

"தொட்டிக்குள்ள கல்லு அடுக்கறதுதான் சார் அண்ணனுக்குப் பொழுதுபோக்கு. ஸ்டூல்ல இருந்து வழுக்கிட்டாரு. நான் குளிச்சுட்டு வந்து பார்த்தா..."

"கொல்லிமலை உச்சியில கடல் மீனு! வேற வேலை இல்ல பாருங்க." கடைசித் துண்டை விழுங்கினார் இன்ஸ்பெக்டர். "விபத்துன்னே எழுதிக்கலாம்."

சந்தோஷ்குமாருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கினான்.

அண்ணனாம், அண்ணன்! மிளகுத் தோட்டத்தை ரிசார்ட்காரனுக்கு விற்கக் கையெழுத்துக் கேட்டால், முதுகைக் காட்டிக்கொண்டு, "இந்தக் கல்லு இங்க நிக்குமா பாரு, சாமி" என்று கேட்ட பைத்தியம்!

அதே கல்லால் ஒரே அடி.

பிறகு குழாயடியில் பிரஷ்ஷால் தேய்த்தான். வெளியே எடுத்து வைத்திருந்த மற்ற கற்களோடு அதையும் தொட்டிக்குள் அடுக்கினான். ஐந்தே நிமிடம்!

"ஏனுங்க... ஐயா ஊட்ல இருக்காங்களா?"

வாசலில் ஜீனத் பீவி. காளப்பநாயக்கன்பட்டியில் மீன் தொட்டிக் கடை வைத்திருப்பவள். தொட்டிக்குத் தண்ணீர் மாற்ற, உப்புப் பையோடு பஸ்ஸில் மலையேறி வந்திருந்தாள்.

பிணத்தைப் பார்த்தாள். பை நழுவி விழுந்தது.

"யா அல்லா!"

வாயைப் பொத்திக்கொண்டு அழுதவளின் பார்வை தொட்டிக்குப் போனது. அங்கேயே நின்றது.

"இந்தக் கல்லை யாருங்க அடுக்குனது?"

"அண்ணன்தான். உப்பு கொண்டுவந்தியா, வெச்சுட்டுக் கிளம்பு!"

"அவரில்லீங்க."

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். "எப்படிம்மா சொல்றே?"

"ஐயா மணலை ஒதுக்கிட்டு, அடிக்கண்ணாடி மேலதான் சார் கல்லை உக்கார வெப்பாரு. மணல் மேல வெச்சா மீனு அடியில பறிச்சுரும், குவியலே சரிஞ்சு போயிரும். இது பூரா மணல் மேல நிக்குது பாருங்க!"

"அவசரத்துல வெச்சிருப்பாரு!"

"அப்ப அந்தக் கல்லு? எல்லாம் ஊதாப் பாசி பூத்திருக்குது... அது மட்டும் வெளுத்திருக்குது. அந்த ஊதாப் பாசி படியறதுக்கு ரெண்டு வருஷம் காத்திருந்தாருங்க. அவரா தேச்சு எடுப்பாரு?"

"கல்லுக்கு ஜோசியம் பாக்கறா சார் இவ!" சந்தோஷ்குமார் சிரித்தான். கொஞ்சம் சத்தமாகவே.

ஜீனத் பீவி அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"தேச்சவனுக்கு ஒண்ணும் தெரியாது சார். கடல்கல்லு பஞ்சு மாதிரி. ரத்தம் பட்டா உள்ளாற இறங்கிக்கும். உடைச்சாத் தெரிஞ்சுரும்!"

"ஏட்டு! சுத்தியல் கொண்டாய்யா!"

அடுத்த விநாடி...

சந்தோஷ்குமார் பாய்ந்தான்! தொட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டான். வெளுத்த கல்லைப் பிடுங்கினான். குவியல் சரிந்தது. மீன்கள் சிதறின. ஜன்னலுக்கு வெளியே அதல பாதாளம்... அதை நோக்கி ஓடினான்!

இன்ஸ்பெக்டர் நாற்காலியை விட்டு எழவில்லை. காலை மட்டும் நீட்டினார்.

பொத்!

"இத்தனை கல்லு கிடக்குது... அந்த ஒரு கல்லை மட்டும் ஏன்யா தூக்கிட்டு ஓடறே?"

சந்தோஷ்குமார் கல்லை வயிற்றுக்கடியில் மறைத்தான்.

சுத்தியலோடு ஓடி வந்தார் ஏட்டு குழந்தைசாமி. "உடைக்கட்டுங்களா சார்?"

"வேண்டாங்க!" ஜீனத் பீவி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "கல்லுக்குள்ள ரத்தம் இறங்குமான்னு எனக்கென்னங்க தெரியும்? நான் என்ன டாக்டரா? கொன்னவன் பயப்படுவான்னு சும்மா சொன்னேன்."

"என்னது... பொய்யா?" சந்தோஷ்குமார் அலறினான். "ஒரு மீன்காரியா... ஒரு மீன்காரியா என்னை..."

இன்ஸ்பெக்டர் அவனுடைய சொட்டும் கைகளைப் பார்த்தார்.

"ஏட்டு, முதல்ல ஒரு துண்டு குடுய்யா. உப்புத் தண்ணி. விலங்கு துருப்பிடிச்சா எனக்கு மெமோ குடுப்பாங்க!"