சேமிக்காத சத்தங்கள்

எலெக்ட்ரானிக் டிரம்ஸின் ஹை-ஹாட் பேடைத் தட்டியதும் ஹெட்போனில் 'சிக்' என்று வந்தது. அந்தச் சத்தம் தேய்ந்து அடங்கும் இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது.

டமாரம் மறுபடி தட்டினான். சிக். சொட்டு. கொஞ்சம் பொறுத்து இன்னொரு சொட்டு, அதை ஒட்டியே அவசரமாக இன்னொன்று. அந்த நொண்டித் தாளத்தை அவனுக்குத் தெரியும். இப்போது வேலைக்குப் போயிருக்கும் மனைவி சரிசெய்யச் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோன சமையலறைக் குழாய் அது. ஹெட்போனைத் தாண்டி வெளிச்சத்தம் கசிகிறது போலிருக்கிறது என்று விட்டுவிட்டான்.

அந்த அடுக்குமாடியில் அவனுடைய சொந்தப் பெயர் தபால்பெட்டியில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் அவன் டமாரம். கீழ்வீட்டுக்காரர் ஒருநாள் தலைவலி மாத்திரை அட்டையோடு படியேறி வந்து நின்றபிறகு, நிஜ டிரம்ஸை விற்றுவிட்டு இந்த எலெக்ட்ரானிக் செட்டை வாங்கிப் போட்டான். ரப்பர் பேடுகள். ஓங்கி அடித்தாலும் வெளியே தொப் தொப் என்றுதான் கேட்கும். உண்மையான சத்தமெல்லாம் பாடப்புத்தகம் அளவுள்ள ஒரு பெட்டிக்குள், மாட்யூலுக்குள் இருக்கிறது. எங்கோ யாரோ அடித்துப் பதிந்து வைத்த சத்தங்களை அதில் ஏற்றிக்கொண்டால், எந்த பேடைத் தட்டுகிறோமோ அதற்குரியது ஹெட்போனில் வரும். மெதுவாகத் தட்டினால் ஒரு பதிவு, ஓங்கித் தட்டினால் வேறொரு பதிவு.

நாளைக்கு ஸ்டுடியோவில் வேலை. "ஈரமே இல்லாத ஸ்னேர் டிரம் சத்தம் வேணும், காய்ஞ்சு மொறுமொறுன்னு இருக்கணும்" என்று இசையமைப்பாளர் சொல்லியிருந்தார். வெளியிலோ காலையிலிருந்து மழை கொட்டிக்கொண்டிருந்தது. சாப்பிட்ட கையோடு உட்கார்ந்தவன் ஒவ்வொரு சத்தத் தொகுப்பாக ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தான். ஒன்று தகர டப்பா உருண்ட மாதிரி இருந்தது, ஒன்று அட்டைப்பெட்டியை உதைத்த மாதிரி. கடைசியாக, கூட பேஸ் கிட்டார் வாசிக்கும் பேஸ்காரன் காலையில் அனுப்பியிருந்ததை எடுத்தான். டமாரம் எதையும் எடுத்த எடுப்பில் சேமிப்பதில்லை. துணிக்கடையில் சட்டையைப் போட்டுப் பார்ப்பது மாதிரி, முதலில் தற்காலிகமாக ஏற்றுவான். அப்போது மாட்யூலில் சிவப்பு விளக்கு சிமிட்டும். கரண்டை அணைத்தால் ஏற்றியதெல்லாம் போய்விடும். பிடித்திருந்தால்தான் சேமிப்பு பட்டன், பச்சை விளக்கு.

இந்தத் தொகுப்பு ஒவ்வொரு பேடாக, ஆமை வேகத்தில் ஏறிக்கொண்டிருந்தது. திரையில் கோடு கால்வாசிகூட நகரவில்லை.

"அப்பா, நாயோட வாலு மேல இருக்கணுமா கீழ இருக்கணுமா?"

கூடத்தில் தரையில் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்த மகள் கேட்டாள். வீட்டில் அவளுக்கே வாலு என்றுதான் பெயர். வாய் ஓயாது. தூக்கத்திலும் பேசுவாள்.

"சந்தோஷமா இருந்தா மேல. கொஞ்ச நேரம் தொணதொணக்காம வரை, கண்ணு."

"சரிப்பா. நாய்க்குக் கோவம் வந்தா?"

அவன் சிரித்துக்கொண்டே ஹெட்போனைச் சரிசெய்தான். ஹெட்போன் மாட்டிவிட்டால் அவர்கள் இருவருக்குள்ளும் எல்லாம் கைப்பாஷைதான். அவன் இரண்டு உள்ளங்கைகளையும் முகத்துக்கு நேராக ஆட்டினால், 'முடிந்தது, அணை' என்று அர்த்தம். மேடையில் கூட்டாளிகளுக்குக் காட்டும் சைகை அப்படியே வீட்டுக்கும் வந்துவிட்டது. அறை வாசல்நிலை ஓரமாக இருக்கும் டிரம்ஸ் செட்டின் சுவிட்சைத் தட்டுவது வாலுவின் உத்தியோகம். வேறு யாரும் தொடக்கூடாது. தட்டிவிட்டு, "ஆச்சுப்பா!" என்று வீடே அதிரக் கத்துவாள். அதைக் கேட்காமல் அவன் எழுந்ததில்லை.

டாம் பேடைத் தட்டினான். அதன் ஆழத்தில் கிறீச், கிறீச் என்று ஒரு முனகல். நிமிர்ந்து பார்த்தான். தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ஹெட்போனைக் கழற்றினான். விசிறி சுற்றியது, காற்று வந்தது, எண்ணெய் காணாத அந்தப் பழைய கிறீச்சை மட்டும் காணோம்.

எழுந்து சமையலறைக்குப் போனான். குழாயிலிருந்து சொட்டு விழுந்துகொண்டிருந்தது. கீழே கவிழ்த்து வைத்த தட்டின் மேல் பட்டுச் சிதறியது. குனிந்து காதைக் கொடுத்தான். ஒன்றுமில்லை. விரலால் தட்டைச் சுண்டினான், கணீரென்றது. அப்படியானால் காதில் கோளாறு இல்லை. நனைந்த சுவரின் வாடையும் காலையில் பொங்கி வழிந்த பாலின் தீய்ந்த வாடையும் மட்டும் சமையலறையில் வழக்கம்போல இருந்தன.

திரும்பி வந்து, நம்பாமல், சிம்பல் பேடை விரல் நுனியால் தொட்டான். ஹெட்போனில் 'ஸ்ஸ்ஸ்' என்று நீளமாக இரைந்தது. அது சிம்பல் இல்லை. மழை. அவன் ஜன்னல் தகரத்தில் விழும் மழை. ஜன்னலுக்கு வெளியே அது கம்பி கம்பியாக இறங்கிக்கொண்டிருந்தது, ஊமையாக.

பேஸ்காரனுக்குப் போன் போட்டான்.

"டேய், காலைல அனுப்பினியே, அதுல என்னடா இருக்கு?"

"என்ன இருக்கு? ஒரு மண்ணும் இல்ல. என் மெஷின்ல காலின்னு காட்டுச்சு. உன்னோடதுலயாவது தெரியுதான்னு பார்க்கத்தான் அனுப்பினேன்."

"ஏறிக்கிட்டே இருக்குடா."

"காலி ஃபைல் எப்படிடா ஏறும்? தூக்கம் கெட்டுப்போச்சா உனக்கு?"

டமாரம் திரையைப் பார்த்தான். கோடு முக்கால் தாண்டியிருந்தது. கூடத்தில் வாலு பாடிக்கொண்டிருந்தாள், அவளே கட்டிய நாய்ப்பாட்டு, அர்த்தம் இல்லாதது. நாயே நாயே எங்க போற, நாயே நாயே எங்க

அவன் கையிலிருந்த போன் நழுவியது.

ஓடினான். அவள் தரையில் அப்படியேதான் படுத்திருந்தாள். கால்களை ஆட்டிக்கொண்டு, பச்சைப் பென்சிலால் நாய்க்கு வால் தீட்டிக்கொண்டு, வாய் நிறையப் பாடிக்கொண்டிருந்தாள். பென்சில் உரசுவது கேட்டது. பாட்டு கேட்கவில்லை.

"பாப்பா, பேசு. ஏதாவது பேசு."

அவள் பேசினாள். சிரித்தாள். அப்பா விளையாட்டு காட்டுகிறார் என்று நினைத்தாள். பிறகு தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். இன்னொரு தடவை, பெரிதாக வாயைத் திறந்தாள். முகம் கோணியது. கண்ணீர் வழிந்தது, தோள் குலுங்கியது, மூச்சு முட்டி முட்டி வந்தது. பெற்ற குழந்தை எதிரே நின்று அலறுகிறது, வீட்டில் ஒரு சத்தமும் இல்லை.

அவளைத் தூக்கிக்கொண்டு வந்து வாசல்நிலை ஓரமாக இறக்கிவிட்டு, ஸ்டாண்டுகளுக்கு நடுவே நுழைந்து உட்கார்ந்தான். ஹெட்போனை மாட்டினான். ஸ்னேர் பேடை விரலால் தொட்டான்.

"அப்பா."

தூக்கத்தில் புரளும்போது அவள் கூப்பிடுவாளே, அந்தக் குரல்.

மறுபடி தொட்டான். "நாய்க்குக் கோவம் வந்தா?"

அழுகையை அடக்க முடியவில்லை. மூன்றாவது தடவை கை பலமாக விழுந்துவிட்டது. அலறல். காது கிழிகிற அலறல். அவள் குரல்தான். ஆனால் பிறந்ததிலிருந்து அவள் ஒருநாளும் அப்படி அலறியதில்லை.

கையை இழுத்துக்கொண்டான்.

சிவப்பு விளக்கு சிமிட்டியது. அதைப் பார்த்ததும்தான் உறைத்தது. தற்காலிகம். எதுவும் சேமிக்கவில்லை. கரண்ட் போனால் அவள் குரலும் போச்சு. சேமிப்பு பட்டனை அழுத்தினான். 'ஏற்றம் முடியவில்லை' என்றது திரை. மறுபடி அழுத்தினான். அதே பதில்.

இன்னும் ஒரு பேட்தான் பாக்கி. காலால் மிதிக்கும் கிக். அதற்குள் எது வந்து உட்காரப்போகிறது என்று அவன் யோசிக்கவில்லை. யோசிக்கும் நிலையில் அவன் இல்லை. சீக்கிரம் முடி, சீக்கிரம் முடி என்று அந்தப் பெட்டியிடம் கெஞ்சினான். வாய்விட்டுக் கெஞ்சினான். தன் கெஞ்சல் தன் காதிலேயே கேட்டது.

கோடு நகர்ந்தது.

வாலு கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள். அப்பா அழுவதை அவள் பார்த்ததில்லை. பெட்டியைப் பார்த்தாள். பிறகு, தன் உத்தியோகம் நினைவுக்கு வந்தவள்போல, சுவிட்ச் பக்கம் திரும்பினாள்.

"வேணாம் கண்ணு, அதத் தொடாத, அத மட்டும் தொ"

கோடு நிறைந்தது.

அவன் உதடுகள் அசைந்தன. தொண்டை நரம்பு புடைத்தது. ஒன்றும் வரவில்லை. கால் தன்னையறியாமல் பெடலை மிதித்தது. ஹெட்போனுக்குள், மார்பை அதிரவைக்கும் ஒரு ஆண்குரல் கெஞ்சியது. சீக்கிரம் முடி.

சேமிப்பு பட்டனை அழுத்தினான். இந்தமுறை ஏற்றுக்கொண்டது. 'சேமிக்கப்படுகிறது. அணைக்க வேண்டாம்.' புதிதாக ஒரு கோடு, ஆரம்பத்திலிருந்து, ஆமை வேகத்தில்.

வாலு எக்கி நின்றாள். விரல் சுவிட்ச் மேல் இருந்தது. எப்போதும்போல உத்தரவுக்காக அவன் முகத்தைப் பார்த்தாள்.

கத்தினான். இல்லை. எழுந்தான். ஹெட்போன் ஒயர் கழுத்தை இழுத்தது. ஸ்டாண்ட் முழங்காலில் இடித்தது. எட்டாது. வேண்டாம், வேண்டாம், வேண்டாம் என்று இரண்டு கைகளையும் விரித்து முகத்துக்கு நேராக ஆட்டினான்.

அவள் முகம் மலர்ந்தது.

சுவிட்சைத் தட்டினாள். மாட்யூலின் விளக்கு அணைந்தது. அவள் அவன் பக்கம் திரும்பி, வாயை முழுசாகத் திறந்து, வீடே அதிரும்படி, "ஆச்சுப்பா!" என்று உதட்டை அசைத்தாள்.