சர்ஜனுக்கு வந்த கோபம்

"நாளைக்கே இந்த மீனைக் கடையில திருப்பிக் கொடுத்துடப் போறேன்!"

அப்பா போட்ட சத்தத்தில் சமையலறையிலிருந்த அம்மா கரண்டியோடு ஓடி வந்தார். அப்பாவின் புறங்கையில் நீளமாக ஒரு கீறல். ரத்தம் சொட்டியது.

"கொடுத்துத்தான் பாருங்களேன்!" என்று பதிலுக்குக் கத்தினாள் மிளகாய். அவளுக்கு வேறு பெயர் உண்டு. ஆனால் மூக்குக்கு மேலே கோபம் வருகிற பெண்ணை வீட்டில் வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்?

சண்டைக்குக் காரணம், கூடத்தில் இருந்த பெரிய உப்புநீர்த் தொட்டிக்குள் நீந்திக்கொண்டிருந்தது. உள்ளங்கையைவிட அகலமான நீல மீன். வாலுக்குப் பக்கத்தில் இரண்டு புறமும் கத்தி மாதிரி ஒரு முள். அதனால்தான் சர்ஜன் மீன் என்று பெயர். மிளகாய் பள்ளியிலிருந்து வந்ததும், அவளைப் பார்க்கக் கண்ணாடி வரைக்கும் பாய்ந்து வருகிற ஒரே ஜீவன் அதுதான்.

"பாசியைத் தின்னும், தொட்டி சுத்தமா இருக்கும்" என்று மீன் கடைக்காரர் சொன்னதால்தான் அப்பா அதை வாங்கினார். அப்பா வைத்திருப்பது மூக்குக்கண்ணாடிக் கடை. கண்ணாடியில் ஒரு விரல் தடம் இருந்தால்கூட அவருக்குக் கை பரபரக்கும். அதனால் மீனை வாங்கிய பிறகும், தினமும் சாயங்காலம் தானே உட்கார்ந்து பாசியைச் சுரண்டுவார். வேலைக்கு ஆள் வைத்துவிட்டு வேலையையும் தானே செய்கிற முதலாளி!

"அதுக்கு என்ன குறை வச்சேன்? வேளாவேளைக்கு இறால் போடறேன். உண்ட வீட்டுக்கே ரெண்டகம் பண்ணுது!"

"நீங்கதான் அதை ஏதாவது பண்ணியிருப்பீங்க!"

"நானா? மூலையில ஒரு பொட்டுப் பச்சை இருந்துச்சு. பிரஷ்ஷால தேய்ச்சேன். பாய்ஞ்சு வந்து கிழிச்சிடுச்சு. காலையில அது கிளம்பியாகணும். அவ்வளவுதான்."

மிளகாய்க்கு அழுகை முட்டியது. அழுதால் தோற்றுப்போன மாதிரி ஆகிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு தொட்டியின் முன்னால் போய் நின்றாள்.

சர்ஜன் அந்த மூலையைவிட்டு நகரவே இல்லை. பளபளக்கும் கண்ணாடியை வாயால் கொத்தியது. மறுபடியும் கொத்தியது. அங்கே ஒன்றுமே இல்லை. அடியில் அப்பா போட்ட இறால் அப்படியே கிடந்தது. மிளகாய் உற்றுப் பார்த்தாள். சர்ஜனின் வயிறு உள்ளே ஒட்டிப்போயிருந்தது.

இப்போதுதான் அவளுக்கு நிஜமான கோபம் வந்தது. அப்பா மேல் மட்டும் இல்லை, இத்தனை நாளாக இதைக் கவனிக்காத தன் மேலும் வந்தது.

அன்று ராத்திரி அப்பா கையில் கட்டோடு சாப்பிட உட்கார்ந்தார். மதியம் கடையில் கூட்டம், சாப்பிடவில்லை. அகோரப் பசி. இரண்டு வாய்தான் போயிருக்கும். மிளகாய் அவருடைய தட்டை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு போய், குழாயைத் திறந்து தேய்க்க ஆரம்பித்தாள்.

"ஏய்! என்னடி பண்றே?"

"தட்டு அழுக்கா இருக்குப்பா. சுத்தம் பண்றேன்."

அப்பா மேசையில் ஓங்கிக் குத்தினார். "சாப்பிட்டுட்டு இருக்கும்போதே தட்டைப் பிடுங்கினா மனுஷனுக்குக் கோபம் வராதா?"

"வரும்ல? மீனுக்கும் வரும்! தொட்டி முழுக்கத் தேடி அதுக்குக் கிடைச்சது அந்த ஒரு பொட்டுப் பாசிதான். அதையும் தேய்ச்சிட்டீங்க! பாசி திங்கற மீனுக்கு வெறும் இறாலைப் போட்டா எப்படிப்பா?"

அப்பாவின் பார்வை கூடத்துத் தொட்டிப் பக்கம் போனது.

"பசி வந்தா பத்தும் பறந்து போகும்னு சும்மாவா சொன்னாங்க?" என்று சிரிப்பை அடக்கிக்கொண்டே அம்மா வேறு தட்டை வைத்தார்.

அப்பா அதைத் தொடவில்லை. எழுந்து போய்த் தொட்டியின் முன்னால் குனிந்து, வெகுநேரம் பார்த்தார்.

"வயிறே இல்லையே இதுக்கு" என்றார் மெதுவாக. "நான் கண்ணாடியைத்தான் பார்த்துட்டு இருந்திருக்கேன்."

மறுநாள் அப்பா மீன் கடைக்குப் போனார். மீனை எடுத்துப் போகவில்லை. திரும்பி வரும்போது கையில் காய்ந்த கடற்பாசித் தாள்கள் இருந்தன. மிளகாய் ஒரு தாளைக் கல்லில் கட்டி உள்ளே இறக்கினாள். சர்ஜன் அதைத் துவம்சம் பண்ணியது. முன்கண்ணாடி அப்பா சுரண்ட, பின்கண்ணாடி சர்ஜன் மேய என்று மிளகாய் பாகம் பிரித்துக் கொடுத்தாள்.

அடுத்த மாதம் சித்தப்பா வந்தார். அதற்குள் பின்கண்ணாடி பச்சைப்பசேல் என்று ஆகியிருந்தது. சர்ஜன் அதை மும்முரமாக மேய்ந்துகொண்டிருந்தது.

"என்னண்ணே, உன் வீட்டுலயா இவ்வளவு அழுக்கு?" என்று சொல்லிக்கொண்டே சித்தப்பா சுரண்டியை எடுத்தார்.

மிளகாய் கத்துவதற்கு வாயைத் திறந்தாள். அதற்குள் அப்பாவின் சத்தம் வீட்டையே அதிர வைத்தது.

"டேய், கையை எடுடா! சாப்பிடறவன் தட்டுல கை வைக்காதே!"