அந்தக் கார்டு உள்ளே போகாது

செல்போன் அலறியது.

சரவணகுமார் உடனே எடுக்கவில்லை. ஐந்தாவது மணியில்தான் எடுப்பான். முதல் மணியிலேயே எடுப்பவன் வியாபாரம் இல்லாதவன் என்பது அவனுடைய கொள்கை.

"சிகரம் கம்ப்யூட்டர்ஸ்..."

"இன்ஸ்பெக்டர் திரௌபதி பேசறேன். கடையிலதான இருக்கீங்க? பத்து நிமிஷத்துல வரேன்."

"வாங்க மேடம். என்ன விஷயமா?"

"அருண்பிரசாத் கொலை விஷயமா."

லைன் அறுந்தது.

உள்ளங்கை வேர்த்தது. பேன்ட்டில் துடைத்துக்கொண்டான்.

வேர்க்காமல் என்ன செய்யும்... அருண்பிரசாத்தின் கழுத்தை நெரித்ததே அவன்தான்!

முந்தாநாள் பௌர்ணமி. திருவண்ணாமலையில் இருந்த போலீஸ் மொத்தமும் கிரிவலப் பாதையில் கூட்டத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த பட்டப்பகல். காவி வேட்டி, நெற்றி நிறைய விபூதி, தோளில் துண்டு. அந்தக் கோலத்தில் ஊர் ஓரத்து வேங்கிக்காலுக்கு, அருண்பிரசாத்தின் வீட்டுக்குப் போனவனை ஒரு நாய்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. மாடி அறையில் அவன் தனியாக இருந்தான். துண்டு உதவியது. நாலே நிமிஷம்.

திரும்பி வந்து, கடையைத் திறந்து, ஒரு கீபோர்டுகூட விற்றான்.

அருண்பிரசாத் செய்த குற்றம்?

வீட்டில் உட்கார்ந்து கேம் ஆடி, அதை வீடியோவாகப் போடுகிறவன். லட்சம் பேர் பார்ப்பார்கள். ஆறு மாதமாக ஊரிலுள்ள கம்ப்யூட்டர் கடைகளையெல்லாம் கிழித்தான். அதிலும் சிகரத்தை, நார் நாராக.

'சிகரம் கடை மெஷின்ல கேம் ஆட முடியாதுங்க. தோசை வேணா ஊத்தலாம்.'

பார்த்தவர்கள் சிரித்தார்கள். கடைக்கு வருவதை நிறுத்தினார்கள். எந்தப் பாகத்தோடு எந்தப் பாகம் சேரும் என்று தெரியாத ஒரு பொடிப்பயல்... பதினைந்து வருஷமாகக் கம்ப்யூட்டர் கட்டுகிறவனைச் சந்தி சிரிக்க வைத்தால்?

சரி, போய்விட்டான். இப்போது போலீஸிடம் என்ன இருக்கிறது? கைரேகை இல்லை. சாட்சி இல்லை. வருகிறவளிடம் அரைமணி நேரம் சிரித்த முகமாகப் பேசி அனுப்பிவிட்டால் தலை தப்பியது.

ஜீப் வந்து நின்றது.

திரௌபதி இறங்கினாள். பின்னாலேயே ஏட்டு மணி. உள்ளே வந்ததும் அவர் கண்ணாடி அலமாரியில் மினுமினுத்த கலர் லைட்டுகளை வாய் பிளந்து பார்த்தார்.

சரவணகுமாருக்குத் தெம்பு வந்தது. இதுகளா கண்டுபிடிக்கப் போகிறதுகள்!

"டீ சொல்லட்டுமா மேடம்?"

"வேணாம் சார். எனக்கு கம்ப்யூட்டர்னா ஒண்ணும் தெரியாது. செத்தவன் ரூம்ல ஒரு லிஸ்ட் கெடச்சுது. கேம் ஆடுறதுக்கு புதுசா ஒரு மெஷின் கட்ட என்னென்ன வாங்கினான்னு எழுதி வெச்சிருக்கான். அது என்னன்னு நீங்கதான் விளக்கணும்."

மணி சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார்.

"அவன் கையெழுத்து கோழி கிண்டின மாதிரி இருந்துச்சு சார். நான்தான் பாத்து அழகா எழுதினேன்."

சரவணகுமார் படித்தான். உதடு கோணியது.

"மேடம்... இவன் கம்ப்யூட்டர் வாங்கல. கல்யாண மண்டபத்துக்கு சீரியல் லைட் வாங்கியிருக்கான்."

"எப்படி சொல்றீங்க?"

"ஏழு ஃபேன். ஏழுலயும் கலர் லைட். ராத்திரியில ஆட்டோ ஸ்டாண்டுன்னு நெனச்சி ஆள் ஏறிடுவான். பிராசஸர் பாருங்க, லாரி இன்ஜின். அத மாட்டறதுக்கு வாங்கின மதர்போர்டு மாட்டு வண்டி."

"ரெண்டும் சேராதா?"

"சேரும். இழுக்காது. ரேம் ஒத்தையா ஒண்ணு. ரெண்டா பிரிச்சிப் போட்டாத்தான் வேகம். இது நொண்டி அடிக்கும். அப்புறம் இந்த எஸ்.எம்.பி.எஸ்... மொத்த மெஷினுக்கும் கரண்ட் குடுக்கற டப்பா. இருக்கறதுலயே மட்டமானது. தீபாவளிக்கு தனியா வெடி வாங்க வேணாம்."

மணி பயபக்தியோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

"எங்க பொண்ணும் ஒண்ணு கேக்குது சார். கம்மி விலையில..."

"கேரம்போர்டு வாங்கிக் குடுங்க ஏட்டையா. அதுக்கு கரண்டே வேணாம்."

மணியின் முகம் சுருங்கியது. திரௌபதி கண்டுகொள்ளவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"சரி சார். இதே மெஷினுக்கு நீங்க பாகம் செலக்ட் பண்ணியிருந்தா எதெது எடுப்பீங்க?"

எத்தனை நாளாயிற்று இப்படி ஒருத்தர் மரியாதையாகக் கேட்டு!

பேனாவை எடுத்தான். சரக் சரக்கென்று அடித்தான். பக்கத்தில் எழுதினான்.

"லைட் ஃபேன் அஞ்ச தூக்கிடுவேன். அந்தக் காசுல நல்ல எஸ்.எம்.பி.எஸ். மதர்போர்டு ஒருபடி மேல. ரேம் ரெண்டு. அப்புறம் கிராபிக்ஸ் கார்டு... கேம்ல படம் காட்டுறதே இதுதான். இவன் மூணு ஃபேன் வெச்ச கார்டு வாங்கியிருக்கான். முழம் நீளம். இது வேணாம். ரெண்டு ஃபேன் வெச்ச சின்னது போதும்."

"பெருசுதான நல்லது?"

"நல்லதுதான். ஆனா உள்ள போகாது மேடம். ரெண்டு விரக்கடை இடிக்கும்."

"எதுக்குள்ள?"

"பெட்டிக்குள்ள. எல்லாத்தையும் வெச்சி மூடுறமே, கேபினட்."

"எந்த கேபினட்?"

பேனா நின்றது.

சரவணகுமார் காகிதத்தைப் பார்த்தான். மேலிருந்து கீழே. பிராசஸர். மதர்போர்டு. ரேம். கார்டு. ஹார்டு டிஸ்க். எஸ்.எம்.பி.எஸ். ஃபேன்.

கேபினட் இல்லை!

"எல்லா கேபினட்டும்... ஏறக்குறைய ஒரே அளவுதான் மேடம்."

"அப்படியா? பஜார்ல கடை வெச்சிருக்கற நூருல்லா பாய் அப்படி சொல்லலையே."

"அவருக்கு என்ன தெரியும்? மவுஸ் விக்கிற ஆளு."

"லிஸ்ட்ட கையில வாங்கினதும், 'பெட்டி எங்கம்மா? அளவு தெரியாம நான் எந்தக் கார்டுன்னு சொல்லுவேன்?'னு என்னையே திட்டினாரு. இவன் வீடியோவுல திட்டின கடைக்கெல்லாம் வரிசையா போனோம். மூணு கடை. மூணு பேரோட முதல் கேள்வியும் அதான். நாலாவது நீங்க. நீங்க மட்டும் கேக்கல... அளவே சொல்லிட்டீங்க."

மணி தலையைச் சொறிந்தார்.

"எழுதறப்ப ஒரு வரிய விட்டுட்டேன் சார். கண்ணு சொக்கிடுச்சு. முந்தாநாள் பூரா பந்தோபஸ்து."

"திருத்த வேணாம்னு நான்தான் சொன்னேன்," என்றாள் திரௌபதி.

சரவணகுமார் காகிதத்தைத் தள்ளி வைத்தான்.

"அவன்... அவன் வீடியோவுல பாத்தேன்."

"அந்தப் பெட்டி கூரியர்ல வந்ததே பௌர்ணமி அன்னிக்கு பகல் பன்னெண்டு பத்துக்கு. ஒரு மணிக்குள்ள ஆள் காலி. வீடியோ ஏதும் வெளிய வரல. கார்டு உள்ள போகாம பாதி வெளிய துருத்திக்கிட்டிருந்தத அவன் பாத்தான், நாங்க பாத்தோம். அப்புறம் அவனக் கொன்னவன் பாத்திருப்பான்."

சரவணகுமார் சிரிக்க முயன்றான்.

"ஒரு கேள்வி கேக்க மறந்ததுக்கு தூக்குல போடுவாங்களா மேடம்? கோர்ட்ல நிக்காது இது."

"நிக்காதுதான்," என்று சுலபமாக ஒப்புக்கொண்டாள். "போற வரைக்கும் பொழுது போகணுமே, இதப் பாருங்க. அவன் போனுல இருந்துச்சு. சாகறதுக்கு கொஞ்சம் முன்னாடி எடுத்தது. வெளிய போட நேரமில்ல பாவம்."

செல்போனைத் திருப்பினாள்.

திரையில் அருண்பிரசாத் உயிரோடு சிரித்தான். மடியில் அந்தப் பெட்டி.

'மக்களே, அசிங்கமாயிடுச்சு. பெட்டி வந்துடுச்சு, கார்டு உள்ள போகல. சிகரம் சரவணகுமார் அண்ணன் அன்னிக்கே சொன்னாரு, லைட்டப் பாத்து வாங்காதடா, அளவப் பாத்து வாங்குன்னு. கேக்காம அவரையே ஓட்டினேன். தப்பு என்மேலதான். நாளைக்கு கேமராவோட அவர் கடைக்குப் போறேன். மன்னிப்பு கேட்டுட்டு, அவரையே கட்டித் தரச் சொல்றேன். நம்ம ஊர்ல இந்த வேலையில அவர அடிச்சிக்க ஆளே இல்ல.'

வீடியோ முடிந்தது.



சரவணகுமார் மெல்ல உட்கார்ந்தான். லட்சம் பேர் பார்த்திருப்பார்கள்... ஒரே ஒரு நாள் பொறுத்திருந்தால்!

"அதனாலதானா..."

"எதனால சார்?"

"கதவத் தொறந்ததும் சிரிச்சான். 'வாங்கண்ணே, உங்களத்தான் நெனச்சேன்'னான். நக்கல் பண்றான்னு நெனச்சி, நான் துண்ட..."

வாயை மூடினான்.

மணியின் பேனா ஓடிக்கொண்டிருந்தது. இந்த முறை அவர் ஒரு வரியும் விடவில்லை.

கையில் விலங்கு ஏறியது. ஜீப்பில் ஏறப் போனவன் இரும்புப் படியில் காலை வைத்தபடி திரும்பினான்.

"வேலூர் ஜெயிலா மேடம்?"

"ஆமா. உங்களுக்கு அங்க ஒரு கேபினட் பாத்து வெச்சிருக்கோம். பத்துக்கு எட்டு," என்றாள் திரௌபதி. "அளவு சரியா இருக்கும் சார், எங்கயும் இடிக்காது... நீங்க தாராளமா உள்ள போவீங்க!"