தூண்டில் வீரன்

எதிரிக் கோட்டையின் கதவு திறந்து இரண்டு குதிரைவீரர்கள் வெளியே வந்தார்கள். தங்கள் படையைச் சேர்ந்த ஒரு காலாளையே நடுவில் இழுத்து வந்தார்கள். வெட்டவெளியில் அவனைத் தள்ளி, முழங்காலுக்குக் கீழே ஈட்டியால் ஒரு குத்து குத்திவிட்டு, எதுவுமே நடக்காததுபோல் திரும்பிப் போய்விட்டார்கள்.

திரையைப் பார்த்துக்கொண்டிருந்த சோதனையாளன் கையிலிருந்த பிஸ்கட்டை மேசைமேல் வைத்தான்.

கணினி இப்படியெல்லாம் செய்யாது. பழங்காலப் போர் விளையாட்டு தயாரிக்கும் அந்தச் சின்ன நிறுவனத்தில் அவனுக்குச் சம்பளமே, மனிதர்களை எதிர்த்து ஆடும் கணினி அரசன் எங்கெங்கே கோட்டை விடுகிறான் என்று கண்டுபிடிப்பதற்குத்தான். அந்த அரசனின் அசட்டுத்தனங்கள் எல்லாம் அவனுக்கு அத்துப்படி. யானையைக் கண்டால் கணினி பதறும், அதன் பின்னால் என்ன வருகிறது என்று பார்க்காது. ஆறு குறுக்கிட்டால் வில்லாளிகளை முதலில் தண்ணீரில் இறக்கிவிடும். இவற்றையெல்லாம் தூக்கிச் சாப்பிடும் பலவீனம் ஒன்று உண்டு. அதன் வீரன் ஒருவனைக் கொல்லாமல் காலில் மட்டும் அடித்துப் போட்டால் போதும். அவன் அலறுவான். காப்பாற்ற ஒருவன் ஓடி வருவான். அவனையும் காலில் அடித்தால் இன்னொருவன் வருவான். இப்படியே கோட்டையைக் காலி செய்துவிடலாம்.

கணினி அரசனுக்கு மூளை எழுதிய நிரலாளரை எல்லோரும் மண்டை என்றுதான் கூப்பிடுவார்கள். இந்தத் தந்திரத்தைப் போன வாரம் காட்டியபோது மண்டை தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

"பாவம்னு கொஞ்சம் இரக்கத்தக் குடுத்தேன்டா, அது தனக்குத்தானே உலை வெச்சுக்குது. திருத்திடலாம் விடு. தானா கத்துக்கவெல்லாம் அதுக்குத் தெரியாது."

அன்று விடுமுறை நாள். மூன்றாம் மாடியில் அவனைத் தவிர யாரும் இல்லை. வெளியே பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பள்ளிக்கூடத்துக்கு ஏதோ வேலையாகப் போயிருந்த மனைவி, திரும்பும் வழியில் வந்து அழைத்துப்போவதாகச் சொல்லியிருந்தாள். வேறொருவனாக இருந்தால் கணினியை அணைத்துவிட்டுக் கீழே போய் அவளுக்காகக் காத்திருப்பான். ஆனால் சோதனையாளர்களுக்கு ஒரு புத்தி உண்டு. ஒரு தடவை தெரிந்த பிழையைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், மறுபடியும் வரவழைத்துக் காட்ட வேண்டும். அவன் ஆட்டத்தை முதலிலிருந்து தொடங்கினான்.

மறுபடியும் கதவு திறந்தது. மறுபடியும் ஒருவனை இழுத்து வந்து போட்டார்கள். இந்தத் தடவை அந்தக் காலாள் தலையைத் தூக்கித் திரைக்கு வெளியே பார்ப்பதுபோல் இருந்தது. பிறகு அலறினான். அந்த அலறல் சோதனையாளனின் சொந்தக் குரல்தான். அதில் ஆச்சரியம் இல்லை. குரல் கலைஞர்களை வைக்க வசதியில்லாமல் ஊழியர்களையே ஓர் அறையில் அடைத்துக் கத்தவிட்டார்கள், காயம்பட்டவனின் குரல் அவன் பங்குக்கு வந்தது. "அய்யோ, யாராச்சும் வாங்க" என்று ஒரே ஒரு வரி. அதைச் சொல்லிக்காட்டி வீட்டில் மனைவி அவனைக் கேலி செய்வாள்.

காதில் மாட்டியிருந்த ஹெட்போனுக்குள் அந்த வரி முடிந்தது. மூச்சு வாங்கும் சத்தம். பிறகு அதே குரல் மெதுவாகச் சொன்னது.

"டீச்சரம்மா."

அவன் அவளை அப்படித்தான் கூப்பிடுவான். வீட்டுக்குள் மட்டும். இந்த நிறுவனத்தில் யாருக்கும் அது தெரியாது. அவன் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் எறிந்தான். ஏசி நின்றுபோயிருந்தது, சூடேறிய தூசியின் வாடையோடு, இந்த அறையில் என்றுமே இல்லாத ஈரத்தோல் நாற்றமும் குதிரை வியர்வை நெடியும் கதவின் அடி இடுக்கு வழியாக மெல்ல உள்ளே வந்து, அவன் நாற்காலியைச் சுற்றி நின்றுகொண்டதுபோல் இருந்தது.

"டீச்சரம்மா, கால் போச்சு."

இப்போது அது ஹெட்போனிலிருந்து வரவில்லை. தாழ்வாரத்திலிருந்து வந்தது.

கதவின் மேல்பாதி கண்ணாடி. வெளியே கும்மிருட்டு. ஆள் நடந்தால்தான் அங்கே விளக்கு எரியும். குரல் இருக்கிறது, விளக்கு இல்லை. அவன் தன் அடையாள அட்டையைக் கதவின் மின்பூட்டில் வைத்தான். திறக்கவில்லை. துடைத்து வைத்தான். திறக்கவில்லை. கைப்பிடியைப் பிடித்து உலுக்கினான்.

போன் அடித்தது. அவள்தான்.

"கீழதான் நிக்கிறேன். என்னாச்சுங்க உங்களுக்கு? தெரு வரைக்கும் கேக்குது!"

"அது நான் இல்ல. மேல வராத. வண்டிய எடுத்துட்டுக் கிளம்பு."

"அய்யய்யோ, காலா? ரத்தம் வருதா?"

"வராதன்னு சொல்றேன்ல! வீட்டுக்குப் போ!"

"அழாதீங்க. இதோ வந்துட்டேன், அப்படியே படுத்திருங்க."

அவன் சொன்னது ஒன்று. அவளுக்குக் கேட்டது வேறு. போன் அணைந்துவிட்டது. அவன் கண்ணாடியை இரண்டு கையாலும் அடித்து, தொண்டை கிழியக் கத்தினான்.

"வராத! வராத!"

படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. அவன் கத்தக் கத்த அது வேகமானது. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அவனுடைய ஒவ்வொரு கூப்பாடும் அவளை இழுக்கிறது. எதற்கும் அசராத மனுஷி, அவன் லேசாக இருமினாலே எழுந்து உட்காருகிறவள். அந்த அன்பை நினைத்து முதல்முறையாக அவன் பயந்தான்.

வாயைப் பொத்திக்கொண்டான். இரண்டு கையாலும். மூச்சுகூட விடவில்லை.

வெளியே குரல் நிற்கவில்லை.

"டீச்சரம்மா, சீக்கிரம்."

படி முடிந்தது. தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் முதல் விளக்கு எரிந்தது. அவள். தோளில் பை. கலைந்த தலை. இரண்டாவது விளக்கு. மூன்றாவது. நடுவில் ஒருவன் கால் மடங்கிக் கிடந்தான். இவன் போட்டிருந்த அதே சட்டை. இதே முகம்.

சுவரோரமாக, இரண்டு பக்கமும், வில்லாளிகள். அசையவே இல்லை. நாண் மட்டும் இழுபட்டிருந்தது.

அவள் அவர்களைப் பார்க்கவில்லை. மண்டியிட்டாள். கிடந்தவனின் தலையைத் தூக்கி மடியில் வைத்தாள். முகத்தைத் துடைத்தாள்.

ஒரே ஓர் அம்பு.

காலில்.

அவள் அலறினாள். மடியில் யாரும் இல்லை. வெறும் தரை. அவள் நிமிர்ந்தாள். கண்ணாடிக்குப் பின்னால் இவனைப் பார்த்துவிட்டாள். உண்மையான இவனை.

"என்னங்க..."

வில்லாளிகள் அவளை விட்டுவிட்டார்கள். நிதானமாக இந்தப் பக்கம் திரும்பினார்கள். ஆளுக்கொரு புது அம்பை எடுத்து நாணில் பூட்டினார்கள். காத்திருந்தார்கள்.

க்ளிக்.

கதவு தானாகத் திறந்துகொண்டது. அவள் கையை நீட்டினாள்.

அவனுக்கு எல்லாம் தெரியும். அவன் அவளிடம் ஓடினான்.